கந்தப்பன் குடத்துக்கு வராத தண்ணீர்

1952ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்தில் உள்ள ஒத்தக்கல் தேயிலைத் தோட்டத்தில், மலையூற்றிலிருந்து இறக்கிய பீலியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர், கந்தப்பன் குடத்தை நீட்டியதும் ஒரு சாண் விலகிப் பக்கத்துக் கல்லில் விழுந்தது. அவர் குடத்தை அங்கே நகர்த்தினார்; தண்ணீர் பழைய இடத்துக்கே திரும்பியது. வரிசையில் நின்றவர்கள் காற்று என்றார்கள். அன்று காற்றே இல்லை. அதற்குப் பிறகு பெய்த எந்த மழையும் கந்தப்பனை நனைக்கவில்லை. தொழிற்சாலை வேலை முடிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கம்பளி போர்த்தாமல் நடந்து, உலர்ந்த சட்டையோடு வந்து சேர்ந்தார். கொடுத்துவைத்த மனுசன் என்று சிலர் பொறாமைப்பட்டார்கள். ஆனால் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனால் தேநீரும் மறுபக்கம் ஒதுங்கியது. பழத்தைச் சப்பி உயிரை வைத்திருந்தவரைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

காரணம் அவருக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை.

அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் துறையூர்ப் பக்கத்துக் கீழப்பொய்கைதான் பூர்வீகம். அங்கே மாடு குளிக்கும் குட்டையில்தான் மனிதர்களும் மொண்டு குடிக்கிறார்கள், வாந்திபேதியில் வீடு வீடாகப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, நாலு எழுத்து தெரிந்த கந்தப்பன் கிணற்றுச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். கடல் தாண்டி ஒரு கிணறு. சம்பள நாளில் எல்லா லயத்துக்காரர்களும் கொடுத்தார்கள். அட்டன் கடைவீதியில் சாமான் கடை வைத்திருந்த சரிபுதீன் நானா, "தண்ணி விசயம், நானும் சேர்ந்துக்கிறேன்" என்று பங்கு போட்டார். தோட்டத்தை நடத்தும் துரைக்கு விசயம் எட்டியதும், அசலூரில் கிணறு வெட்டக் காசு வைத்திருப்பவர்கள் லயத்துக்குக் கக்கூசு கட்டித்தரச் சொல்லி என்னிடம் ஏன் வருகிறீர்கள் என்று விரட்டிவிட்டார். அதனால் லயத்துப் பிள்ளைகள் இன்னும் சில வருடங்கள் தேயிலைச் செடிக்குப் பின்னால்தான் ஒதுங்கின. எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவள் அழகுமுத்துவின் மனைவி மீனம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில், அன்றைக்கே கையில் கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறித்து, அதை அப்படியே சங்கத்துக்குத் தந்தாள். அவளுடைய சனங்கள் கீழப்பொய்கைச் சேரியில் இருந்தார்கள். தோட்டத்தில் சாதி இல்லை என்று சொன்னால் அது பொய். கல்யாணம் பேசும்போது எங்கிருந்தோ வந்துவிடும். ஆனால் பீலியில் எல்லாக் குடத்துக்கும் ஒரே வரிசைதான்.

கிணற்றை நின்று வெட்டவைக்கக் கந்தப்பன்தான் தலைமன்னாரில் கப்பலேறிப் போனார். ஊர்த்தெருப் பெரியவர்கள் மாலை போட்டு, இலை போட்டு, பாயசம் ஊற்றிய பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: கிணறு ஊர்த்தெருவில் இருக்கும், சேரிக்காரர்கள் கயிற்றைத் தொடக் கூடாது, தள்ளி நின்றால் யாராவது ஊற்றுவார்கள். முடியாது என்றால் கிணறு நின்றுபோகும். திரும்பிப் போய் என்ன முகத்தோடு நிற்பது? கழுத்தில் மாலை வேறு கனத்தது. கந்தப்பன் தலையாட்டினார். கிணற்றை வெட்டி முடித்துத் தோட்டத்துக்கு வந்ததும், கிணறு எல்லோருக்கும் பொது என்று கூட்டத்தில் சொன்னார். கைதட்டினார்கள். பலமாகத் தட்டியவள் மீனம்மா. மறுநாள் காலையில்தான் பீலித் தண்ணீர் விலகியது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். பூசாரி வேப்பிலை அடித்தார். மனைவி நாகலெட்சுமி தன் குடத்திலிருந்து ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் அவர் கையைச் சுற்றிக்கொண்டு மண்ணில் இறங்கியது. ஒருநாள் பீலிக்கரையில் மயங்கிச் சரிந்தவரின் வாயில் மீனம்மா ஒரு கை அள்ளி ஊற்றினாள். அது மட்டும் உள்ளே போனது. அன்றிலிருந்து தினமும் காலையில் கொழுந்துக்குப் போகும் முன் அவள்தான் அவருக்கு ஊற்றினாள். பத்து வருடத்துக்கு மேல் இது நடந்தது. சேரியிலிருந்து கடிதம் எழுத ஆள் இல்லாததால் கிணற்றுச் சேதி அவளுக்கு எட்டவில்லை. அவர் மேல் அவளுக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பரிதாபத்தையும் சேர்த்தே கந்தப்பன் குடித்தார்.

1963இல் அழகுமுத்துவுக்கு இலங்கையில் தங்கும் அனுமதி முடிந்தது. இந்தியாவுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மற்ற பெண்கள் அழுதபோது மீனம்மா அழவில்லை.

"நம்ம காசுல வெட்டுன கெணறு அங்க இருக்கு. எனக்கு என்னண்ணே பயம்?" என்று கந்தப்பனுக்கு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

கந்தப்பன் குடிப்பதை நிறுத்தினார். "அந்தக் கயித்த நீ தொட முடியாது மீனம்மா. அவங்க சொன்னாங்க, நான் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

தண்ணீர் அவர் கையில் நிறைந்து வழிந்தது. "இது தெரிஞ்சுக்கிட்டேதான் என் கையால வாங்கிக் குடிச்சீங்களா?"

"ஆமா."

குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரவில்லை. கந்தப்பனின் உதடு வெடித்து ரத்தம் கண்ட பிறகு வந்து, "சாகட்டும்னு விட மனசு வரலங்க" என்றாள். தள்ளி நின்று, குடத்தை உயரத் தூக்கி, முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள். கந்தப்பன் குனிந்து கையேந்தினார். கீழப்பொய்கையில் அவளுடைய சனங்கள் எப்படி வாங்குகிறார்கள் என்பதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

அவர்கள் போன கப்பலிலேயே அவரும் போனார். அவர் நின்ற பக்கம் அலை அடிக்கவில்லை என்று, வாந்தி எடுப்பவர்கள் எல்லாம் அங்கே கூடிக்கொண்டார்கள். ஊரில் கிணறு கொடுத்த வள்ளல் என்று மறுபடி மாலை கொண்டுவந்தார்கள். கந்தப்பன் மாலையை வாங்காமல் நேரே போய்க் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் கீழே கீழே போய் அடிப்பாறை தெரிந்தது. கயிற்றோடு கயிறு முடிந்து வாளியை இறக்கினார்கள். வாளி உலர்ந்தே வந்தது. தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. சட்டமா வந்து தண்ணீர் இறைக்கும்? திட்டினார்கள், கல்லெறிந்தார்கள், பிறகு கெஞ்சினார்கள். "மீனம்மா எறைச்சா வரும்" என்றார் கந்தப்பன். நெற்றியில் ரத்தம் வழிந்தது, இடத்தை விட்டு அசையவில்லை. கடைசியில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு ஊர்த்தெருப் பெண்தான் சேரிக்கு ஓடி மீனம்மாவைக் கூப்பிட்டாள். அவள் வந்து கயிற்றைப் பிடித்ததும் தண்ணீர் வாளியைத் தேடி மேலே வந்தது. முதல் குடம் சேரிக்குப் போனது.

இப்போது காலையில் ஊர்த்தெருக்காரர்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள், மீனம்மா இறைத்து ஊற்றுகிறாள். சிலர் முணுமுணுக்கிறார்கள், ஆனால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கந்தப்பன் எழுந்துவிட்டால் யார் இறைத்தாலும் தண்ணீர் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எழுந்தால் அன்றைக்கே கயிறு ஊர்த்தெருவுக்குக் கைமாறும் என்பது அவருக்குத் தெரியும். நாகலெட்சுமி பின்னால் வந்து சேர்ந்து கிணற்றடியிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். மீனம்மா இன்னும் அவரோடு பேசுவதில்லை. எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகு அவருக்கும் ஊற்றுகிறாள்; அவர் சுவரில் உட்கார்ந்தபடியே குடிக்கிறார்.