குதிரைக்காக ஒரு வரிசை

டிராகனைக் கொன்ற, இங்கிலாந்தின் காவல் புனிதர் ஜார்ஜின் ஊர்வலத்தில் வெள்ளைக் குதிரை ஏறப்போவது தான்தான் என்று டெஸ்மண்ட் பர்கிஸ் வெக்ஸ்கூம் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். கவசம்கூட வாங்கியாயிற்று. பாக்கி ஒன்றுதான். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஊர் மன்றத்தில் பெயர் கொடுக்க வேண்டும். முதலில் கொடுப்பவருக்கே ஜார்ஜ் வேஷம்.

“ஆங்கிலேயன் யாருன்னு தெரிஞ்சுக்க பாஸ்போர்ட்டைப் பாக்க வேணாம்ப்பா,” என்று வெள்ளிக்கிழமை பப்பில் முழங்கினார். “வரிசையில நிக்கத் தெரியுதான்னு பாரு.”

மறுநாள் பதினொன்றரைக்கு மன்றத்துக்குப் போனார். சாத்திய கதவின் முன், கூரைக்கடியில் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். டெஸ்மண்ட் மரியாதையாக இரண்டடி விட்டு, தூறலில், அவள் பின்னால் நின்றார். அவர் பின்னால் நண்பர் கிளெமென்ட். கால் மணியில் ஒன்பது பேர்.

“கதவைத் தள்ளிப் பாத்தா என்ன?” என்றார் கிளெமென்ட்.

“முன்னால லேடி நிக்கிறாங்க. அவங்களைத் தாண்டிக் கை நீட்ட நாம என்ன பிரெஞ்சுக்காரங்களா?”

“அப்ப அவங்களையே கேளேன்.”

“அறிமுகமே ஆகலையே.”

அப்போது முடிதிருத்தும் கடை தாரிக் ஓடி வந்தார். இஸ்தான்புல்லில் பிறந்தவர். “கொஞ்சம் வழி விடுங்கம்மா,” என்று கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது. உள்ளே போய்விட்டார்.

“லட்சணத்தைப் பாத்தியா,” என்று பல்லைக் கடித்தார் டெஸ்மண்ட். கிளெமென்ட் ‘ச்சு’ கொட்டினார். பின்னால் வரிசையே ‘ச்சு’ கொட்டியது. ஒரு பேரரசின் கோபம் அத்துடன் தீர்ந்தது.

பன்னிரண்டு அடித்தது. சாவியோடு வெளியே வந்தார் செயலாளர் ஹெஸ்டர் கிராப்.

“பேர் குடுக்கிற நேரம் முடிஞ்சுது. காலையிலேர்ந்து ஈ ஓட்டிட்டிருந்தேன். தாரிக் மட்டும்தான் வந்தாரு. அவர்தான் ஜார்ஜ்.”

டெஸ்மண்டின் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. “நாங்க வரிசையில நின்னோமே, மேடம்.”

“எதுக்கு? கதவு பத்து மணிக்கே திறந்தாச்சே.”

பெண்மணி திரும்பினாள். “ஐயோ, என் பின்னாலயா நின்னீங்க? நான் மழைக்கு ஒதுங்கினேங்க.”

“மன்னிக்கணும்,” என்றார் டெஸ்மண்ட். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

ஹெஸ்டருக்குப் பாவமாக இருந்தது. “டிராகன் வேஷத்துல பின்னங்காலுக்கு ஒரு ஆள் வேணும். யார் வர்றீங்க?”

டெஸ்மண்டின் கால் முன்னே போகத் துடித்தது. ஆனால் ஆங்கிலேய ரத்தம் விடவில்லை.

“நீ முதல்ல போப்பா,” என்றார்.

“சேச்சே, நீதானே முன்னால நின்னே,” என்றார் கிளெமென்ட்.

“பரவாயில்ல, நீ போ.”

“அதெப்படி, நீ போ.”

ஹெஸ்டர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கதவைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.