அப்பாவின் இருமலும் ஆய்வகத்து ஏசியும்

வருஷக்கணக்காக அவள் கேட்டதெல்லாம் ஊரார் இருமல்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவளுக்கு இப்படியும் ஒரு வேலை வாய்க்குமா என்றால், வாய்த்துவிட்டதே, என்ன செய்ய? இருமலைக் கேட்டே நுரையீரலில் நோய் உண்டா இல்லையா என்று சொல்கிற புரோகிராம். அதை நம்பித்தான் அவளுடைய முனைவர் பட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது.

மகளைப் பார்க்க வந்த அப்பாகூட ஆய்வகத்து மைக் முன்னால் உட்கார்ந்து இருமிவிட்டுப் போனார். ரொம்ப நாளாக விடாத இருமல். திரையில் 'ஆரோக்கியம்' என்று வந்ததும், "என் பொண்ணு மெஷினே சொல்லிடுச்சு, டாக்டர் எதுக்கு?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

இதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பக் கடைசி நாள் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து மேஜைக்காரி வாயைத் திறக்க வேண்டும்? எந்தக் கருத்தரங்கிலும் முதலில் கை தூக்குவதால் துறையில் அவளுக்குக் கேள்விக்குறி என்றே பேர்.

"இருமலே இல்லாத ஒலியைக் கொடுத்தா உன் புரோகிராம் என்ன சொல்லும்?"

"இல்லாததை எதுக்குடி கொடுக்கணும்? உன் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு அரித்தது. பதிவுகளிலிருந்து இருமலை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை உள்ளே விட்டாள். அப்போதும் தொண்ணூற்றேழு.

ஹெட்போனை மாட்டிக் கேட்டபோதுதான் புரிந்தது. நோயாளிகளைப் பதிவு செய்தது ஆஸ்பத்திரி வார்டில். பின்னால் ஃபேன் கடகடத்தது. நன்றாக இருப்பவர்களைப் பதிவு செய்தது இந்த ஆய்வகத்தில், அவளே வருந்தி வருந்தி அழைத்து. பின்னால் ஏசி முனகியது. பாழாய்ப்போன புரோகிராம் ஒருத்தர் இருமலையும் காதில் வாங்கவில்லை. ஃபேன் சத்தம் என்றால் நோய், ஏசி சத்தம் என்றால் ஆரோக்கியம். இதைக் கற்றுக்கொடுக்கவா இத்தனை வருஷம் தூக்கத்தைத் தொலைத்தாள்? அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் முழுசாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"மறுபடி எல்லாரையும் பதிவு பண்றதுக்குள்ள உன் உதவித்தொகை முடிஞ்சிடும்மா. கடைசியில குறைபாடுகள்னு ஒரு பகுதி வருமில்ல? அங்க ஒரு வரி போட்டுடு."

"அது வரைக்கும் யார் சார் படிக்கிறாங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

திரும்பி வந்து அந்த ஒரு வரியை எழுதினாள். 'பதிவுச் சூழலின் தாக்கம் மேலும் ஆராயத்தக்கது.' பொய் என்று யாரும் விரலை நீட்ட முடியாது. எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் அனுப்புகிற பட்டன் பக்கம் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். உலகத்தில் எவன்தான் குறையில்லாமல் எழுதுகிறான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. அப்பா. பேச்சு வருவதற்கு முன்னால் இருமல் வந்தது, நீளமாக, அடிவயிற்றிலிருந்து. அதன் பின்னால் வீட்டு ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அனுப்பிட்டியாம்மா?"

அவள் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

"அப்பா, நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க."

"எதுக்கு? உன் மெஷின்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சே."

"அது உங்க இருமலைக் கேக்கவே இல்லப்பா. ரூம்ல ஓடுன ஏசியைக் கேட்டுட்டு சொல்லியிருக்கு. எல்லாமே தப்பு. நான் அனுப்பல."



"அப்போ உன் படிப்பு என்னம்மா ஆகும்?" என்றார் அப்பா.

காலையிலிருந்து அவளும் அதையேதான் நினைத்து மாய்ந்துகொண்டிருந்தாள். அப்பாவின் நெஞ்சு இந்த போன் வரும்வரை ஞாபகத்துக்கே வரவில்லை. அவர் மறுபடி இரும ஆரம்பித்தார்.