கைப்பிடி வரை

கடைசி ஷாட்டில் கதவு திறக்கிறது. எழுதியதும் அப்படித்தான், எடுத்ததும் அப்படித்தான். விண்கப்பலின் பழுதுபார்ப்பவள் கைப்பிடியில் கை வைக்கிறாள். ஒரு மூச்சு விடுகிறாள். இழுக்கிறாள். வெள்ளை வெளிச்சம் உள்ளே வந்து அவள் முகத்தை அழிக்கிறது. எடிட்டர் அதைப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, விரல்கள் கைப்பிடியை மூடும் இடத்தில் வெட்டினாள். பிறகு கருப்பு. அறையில் ஏசியின் இரைச்சல் மட்டும் இருந்தது. இப்படி முடித்தால் இயக்குநர் கேள்வி கேட்க மாட்டார். படப்பிடிப்பு முடிந்த மறுவாரமே அவர் ஒரு சோப்பு விளம்பரத்துக்குப் போய்விட்டார், போனை எடுப்பதில்லை. தயாரிப்பாளர் கேட்கலாம். கேட்டால் சொல்ல அவளிடம் பதில் இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஐந்து நாவல்கள் எழுதியவருக்கே இன்னும் தெரியாது. ஆறாவதில்தான் தெரியும். அதை எழுத வேண்டியவர் அவளுடைய மாமியார்.

அந்த நாவல்களிலிருந்து 'உப்புக்கோள்' வரிசையில் மூன்று படங்கள் வந்திருந்தன. மூன்றும் ஓடின. ஒரு காலத்தில் பள்ளிப் பைகளிலும் சாப்பாட்டு டப்பாக்களிலும் அந்தக் கப்பல் இருந்தது. பிள்ளைகள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி அதன் அடியில் படுத்துப் பழுதுபார்த்தார்கள். பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் நின்றுபோனது. ரசிகர்கள் இணையத்தில் காரணங்கள் எழுதினார்கள். நாயகி கேட்ட சம்பளம் கட்டுப்படியாகவில்லை. மூன்றாவது படம் ரொம்ப நீளம். காலம் மாறிவிட்டது. எழுத்தாளர் படுத்த படுக்கை. படுத்த படுக்கையாக இருந்த எழுத்தாளர் தினமும் காலையில் நடந்து போய்ப் பால் வாங்கி வந்தார். வழியில் மருந்துக்கடைக்காரர், "அடுத்த படம் எப்பம்மா?" என்று கேட்பார். "உங்க மாத்திரையத் தின்னும் நான் உயிரோட இருந்தா பாக்கலாம்" என்பார் அத்தை. வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விடும். அடுத்த படம் வருகிறதென்று இரண்டு முறை அவர் நம்பி ஊரெல்லாம் சொல்லி, இரண்டு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு கைக்கு வராத எதைப் பற்றியும் வாயைத் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தார்.

படங்களை எடுத்த கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியிருந்தது. கம்பெனி கைமாறியபோது கூடவே கைமாறியவர் தம்பி. முதல் படத்தில் உதவியாளராக இருந்தபோது அத்தை அவரைத் தம்பி என்று கூப்பிட, மொத்தத் தொழிலும் அப்படியே கூப்பிட்டது. இப்போது ஐம்பது வயது, தயாரிப்புப் பிரிவுக்குத் தலைவர், முன்தலை வழுக்கை. இன்னும் தம்பிதான். புதிதாகச் சேர்ந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தம்பி சார் என்றார்கள். எடிட்டரும் அப்படித்தான். அத்தைக்குத் தான் மூத்த பிள்ளை என்றும், அவள் கணவன் ஏதோ வழியில் வந்து ஒட்டிக்கொண்டவன் என்றும் தம்பி வேடிக்கையாகச் சொல்வார்.

அவர்தான் அவளைக் கூப்பிட்டார். உப்புக்கோள் திரும்ப வருகிறது, சின்னதாக, சுத்தமாக, ஆர்ப்பாட்டம் இல்லாமல் என்றார். வெளியே தெரியாமலிருக்க வேறு பெயர் வைத்து, ஒரு பழைய கிடங்கில் எடுத்து முடித்திருந்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னார். "அம்மாகிட்ட மூச்சு விட்டுடாத. ரிலீஸ் அன்னைக்கு எதையாவது சொல்லிக் கூட்டிட்டு வந்து உக்கார வைப்போம். திரையில பேரு வரும்போது அவங்க முகத்தைப் பாக்கணும் நான்." இதற்காக அவளிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. தேவைப்படவில்லை. அந்த முகத்தை அவளும் பார்க்க ஆசைப்பட்டாள்.

முதல் வாரம் வந்த காட்சிகளை அவள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள். அவசரமாக எடுத்திருந்தார்கள். பின்சுவரில் கிடங்கின் எண் தெரிந்தது. ஆனால் நடித்த பெண் மேடையிலிருந்து வந்தவள், புதியவள். அவள் ஸ்பேனரைத் துடைக்கும் விதத்தில் பத்து வருடத் தனிமை இருந்தது. எடிட்டர் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள். சுவர் தெரிந்த இடங்களில் முகத்துக்குப் போனாள். வசனம் மோசமான இடங்களில் வசனத்தை எடுத்துவிட்டு மௌனத்தை வைத்தாள். ஒருநாள் முழுக்கப் பதிவான ஒலி கெட்டுப்போயிருந்தது. அந்தப் பெண்ணை வரவழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் மறுபடி பேச வைத்தாள். ஒரு மாதம் கூடுதலாகக் கேட்டபோது தம்பி தேதி தள்ளாது என்றார். அவளால் முடியாவிட்டால் வேறு ஆளை வைத்து ஒட்டி முடித்துக்கொள்வதாகவும் சொன்னார். வேறு ஆள் என்றதும் பயந்துவிட்டாள். விடுமுறைகளை விட்டாள். பல்வலியோடு உட்கார்ந்தாள். சொன்ன தேதிக்கு முன்பாகவே முடித்துக் கொடுத்தாள். படம் பிழைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு படம் பிழைப்பது எடிட்டருக்குத்தான் முதலில் தெரியும்.

அதே மாதங்களில் அத்தையும் மாறிக்கொண்டிருந்தார். நெடுங்காலமாக ஆடிக்கொண்டிருந்த எழுதும் மேசைக்குத் தச்சரை அழைத்து ஒரு காலை மாற்றினார். அந்த மேசையில் டம்ளர் வைக்க யாருக்கும் அனுமதி இல்லை, பெற்ற மகனுக்கும் இல்லை. இப்போது அதன் மேல் பிரிக்காத தாள் கட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது. தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டார். சமையலறையில் வாய்க்குள் பாட்டு. தம்பி உளறிவிட்டாரோ என்று அவள் சந்தேகப்பட்டாள். தெரிந்தும் தெரியாத மாதிரி அத்தை நடிக்கிறார் என்று நினைத்து, தானும் தெரியாத மாதிரி நடித்தாள். வெளியூரில் வேலை பார்த்து வார இறுதியில் வரும் கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்துல பாட்டுப் பாடுற வீடு இது ஒண்ணுதான். எனக்குத் தெரியாம யாரையாவது கொன்னு புதைச்சிருக்கீங்களா?" இருவரும் சிரித்தார்கள். இருவரும் மற்றவர் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரிந்ததாக நினைத்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை ஒரு சோதனைக் காட்சி இருப்பதாகத் தம்பியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வாய்தவறிச் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஊர் எல்லையில், பேருந்துப் பணிமனைக்குப் பக்கத்தில் இருந்தது தியேட்டர். வெளியே ஒரே ஒரு போஸ்டர், ஒட்டிய பசை காயவில்லை. கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து வந்த மூன்று பேர் கவுண்டரில் டிக்கெட் வாங்கினார்கள். ஒருவர் போஸ்டரைப் படம் எடுத்தார். பிறகு டிக்கெட்டைக் கையில் பிடித்துப் படம் எடுத்தார். விளக்கு அணைந்ததும் திரையைப் படம் எடுத்தார். சோதனைக் காட்சிக்கு எதற்கு டிக்கெட் என்று அவள் யோசித்தாள். அதற்குள் மூலக்கதை என்று அத்தையின் பெயர் வந்தது, அடுத்து படத்தொகுப்பு என்று அவள் பெயர் வந்தது. யோசனை நின்றுவிட்டது. இரண்டு பெயர்களும் ஒரே திரையில் வருவது இதுதான் முதல் முறை. பெயர்கள் முடிந்ததும் மூன்று பேரும் எழுந்து போனார்கள். மீதிப் படத்தை அவள் தனியாகப் பார்த்தாள். வெளியே வரும்போது ஆபரேட்டர் படிக்கட்டில் நின்று பீடியை அணைத்தார். படம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்தபோது தானும் எழுந்து நின்றுவிட்டதாகச் சொன்னார். பிறகு, "ஏம்மா ஒரே ஷோவோட படத்தத் தூக்கிடுறாங்க?" என்று கேட்டார்.

தனக்குத் தெரியாது என்றாள்.

சனிக்கிழமை காலை அத்தை மகனையும் மருமகளையும் மேசையருகே உட்காரச் சொன்னார். தானே டீ போட்டுக் கொண்டுவந்தார். டம்ளர்களை மறக்காமல் ஜன்னல் திண்டில் வைத்தார். மகனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நேத்தோட பத்து வருஷம். கடைசிப் படம் வந்து பத்து வருஷத்துக்குள்ள புதுசா ஒண்ணு எடுத்துத் தியேட்டர்ல போடலேன்னா படம் எடுக்கிற உரிமை எல்லாம் எனக்கே திரும்பிடும். அப்பவே எழுதி வாங்கியிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ஆகாதுன்னு ஒரு பயம்."

கணவன் எழுந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். அத்தை அவன் தோளுக்கு மேலாகப் பேசிக்கொண்டே போனார். கார்ட்டூன் படம் எடுக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள், சின்ன வயதில் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டவர்கள். ஆறாவது நாவலை அவர் எழுதி முடிக்க முடிக்க அவர்கள் வரைவார்கள். திங்கட்கிழமை கையெழுத்து. "நீதான் எடிட் பண்ணணும்" என்று மருமகளிடம் சொன்னார். அவள் டம்ளரைப் பிடித்திருந்தாள். விரல் சுட்டது. கீழே வைக்கவில்லை.

தம்பி சனிக்கிழமையும் அலுவலகத்தில் இருப்பார். அவளைக் கண்டதும் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லவா என்று கேட்டார். அவள் நின்றுகொண்டே படம் எப்போது வெளிவரும் என்று கேட்டாள். அடுத்த வருடம் கம்பெனி சொந்தமாக ஒரு விண்வெளிப் படம் எடுக்கிறது, அது பெரியது, அது முடிந்தபின் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகும் இரண்டு பாகம் இருக்கிறது என்றார். பத்து வருடக் கணக்கைப் பற்றி அவள் கேட்டபோது போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நாங்க எடுக்கணும்னு இல்ல. இன்னொருத்தன் கைக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

"அதுக்கு நான் எதுக்கு? ஊர்ல வேற எடிட்டரே இல்லையா?"

"நீ சொன்ன தேதிக்கு முடிப்ப." கொஞ்சம் யோசித்தார். "வேற எடிட்டர்னா எங்கயாவது பேசிடுவான், அம்மா காதுக்குப் போயிடும். நீ சொல்ல மாட்ட."

பாராட்டுவது போலத்தான் சொன்னார். அவளுக்கு அந்த மாதங்கள் திரும்பி ஓடின. அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இல்லை அவள் சொல்லியிருந்தால், அவள் கை தானாக மெதுவாகியிருக்கும். பல்வலிக்கு லீவு போட்டிருந்தாலே போதும், பத்து வருடம் முடிந்திருக்கும். இரண்டு பேரின் வாயையும் அடைக்க அவர் எதுவும் செலவு செய்யவில்லை. ஆளுக்கொரு ஆசை இருந்தது, அதை வைத்தே அடைத்துவிட்டார்.

"படம் நல்லா இருக்கு, தம்பி சார்."

"எனக்கும் அதான் சங்கடம்" என்றார். "இவ்வளவு நல்லா வரும்னு நெனைக்கல. வரணும்னு அவசியமும் இல்ல."

வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு நிறுத்தம் முன்பாகவே பேருந்திலிருந்து இறங்கி நடந்தாள். கம்பெனியே கடிதம் போட்டுத் தெரிவிக்கட்டும் என்று இருந்துவிடலாம். ஆனால் அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். அத்தை அந்த இரண்டு பெண்களுக்கும் தன்னிடம் இல்லாத உரிமையை எழுதிக் கொடுத்துவிடுவார்.

கணவன் வெளியே போயிருந்தான். அத்தை மேசை முன் உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் டீ போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள். பிறகு நின்றபடியே சொன்னாள். ஒரு படம் எடுத்திருக்கிறார்கள், கிடங்கில். புதன்கிழமை ஒரு தியேட்டரில் ஒரு காட்சி போட்டுவிட்டார்கள். தம்பிதான்.

அத்தை பேனாவைக் கீழே வைத்தார். பிறகு அவள் எதிர்பார்க்காதது நடந்தது. அத்தை சிரித்தார்.

"பயந்தே போயிட்டேன். இது நிக்காதும்மா. வக்கீல் அன்னைக்கே சொன்னாரு, ஒப்புக்கு எதையாவது எடுத்துக் காட்டினா கோர்ட்டுல செல்லாதுன்னு. கிடங்குல நாலு தகரத்தை நிறுத்தி எடுத்திருப்பானுங்க. ஜட்ஜு பத்து நிமிஷம் பாத்தா போதும், படமா குப்பையான்னு தெரிஞ்சிடும்." வக்கீலின் எண்ணைத் தேட மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீ எங்க பாத்த?"

"நான்தான் அத்தை எடிட் பண்ணேன்."

கண்ணாடிக்குள் அத்தையின் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அவள் காரணங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். ரிலீஸ் நாள், திரையில் பெயர், முகத்தைப் பார்ப்பது. சொல்லும்போதே அவை சின்னப் பிள்ளை பேச்சாகக் கேட்டன. அத்தை கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"எப்படி இருக்கு?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. பொய் சொல்லலாம். பொய் எத்தனை நாளைக்கு நிற்கும், ஜட்ஜு பத்து நிமிடம் பார்க்கும் வரைக்கும்.

"நல்லா இருக்கு, அத்தை."

"எவ்வளவு நல்லா?"

"நான் பண்ணினதுலயே அதுதான்."

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். ஸ்கூட்டர் இன்னும் இருமிக்கொண்டிருந்தது.

"கதவு?"

"திறக்கல. எடுத்திருந்தாங்க, நான் வெட்டிட்டேன். கைப்பிடியில கை வைக்கிறதோட முடிச்சுட்டேன். அதுக்கப்புறம் நீங்க எழுத வேண்டியது."

அத்தை அவளுடைய கைகளைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"அதை மட்டும் விட்டு வச்சிருக்க."

மை புட்டியை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு முறை திருகினார். டீ டம்ளர் இன்னும் அவர் இடது கையில் இருந்தது. வைக்க இடம் தேடுவது போல ஜன்னல் திண்டைப் பார்த்தார். பிறகு அங்கே போகாமல், பிரிக்காத தாள் கட்டின் மேல் அதை வைத்தார். மேசை ஆடவில்லை. டம்ளரின் அடியில் வழிந்திருந்த டீ, உறையின் வெள்ளைக் காகிதத்தில் ஒரு வளையமாக இறங்கத் தொடங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை.