உலை ஆறும் வரை

1

இந்தக் கதை பிறந்தது பொறாமையில். என் அக்கா உப்புத் தண்ணீரிலிருந்து உப்பை இழுத்தெடுக்கும் கரித்தாள் செய்கிறாள். நான் வாக்கியம் செய்கிறேன். முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘ஊசி முனையில் ஒரு மின்னல்...’

வேண்டாம். நடப்பது அதைவிடப் பெரிது.

2

சிரிஞ்சுக்குள் பசை போன்ற கரைசல். ஸ்வெட்டர் பின்னும் செயற்கை நூலும் இதே சரக்குதான். ஊசிக்கும் எதிரே சுழலும் உருளைக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட். முனையில் தொங்கும் துளி கூம்பாகிறது. கூம்பின் நுனியிலிருந்து ஓர் இழை பிய்த்துக்கொண்டு, சாட்டையாகச் சுழன்று, போகிற வழியிலேயே காய்ந்து, தலைமுடியில் நூற்றில் ஒரு பங்காக மெலிகிறது. (பார்த்தாயா என்றால், இல்லை. வெறும் காற்றைத்தான் பார்த்தேன். உருளை மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது.)

அந்த வெள்ளைத் தாளை மிதமாகச் சுட்டு, பிறகு நைட்ரஜன் ஓடும் உலையில் கருக்குகிறார்கள். காற்றில்லாமல் வெந்தால் கரி. காற்று புகுந்தால் எரிந்து காணாமல் போகும்.

(ஓரக்குறிப்பு: உப்பு கரையும்போது நேர்மின், எதிர்மின் என்று இரண்டு வகைத் துகள்களாகப் பிரிகிறது. இரண்டு கரித்தாள்களுக்கு நடுவே அந்தத் தண்ணீரை ஓடவிட்டு, கடிகார பேட்டரி அளவு மின்சாரம் கொடுத்தால், ஒவ்வொரு துகளும் தனக்கு எதிரான தாளில் போய் ஒட்டிக்கொள்ளும். இணைப்பை மாற்றிப் போட்டால் விட்டுவிடும். கொதிக்கவைக்கத் தேவையில்லை. எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சிலிர்க்கிறது.)

3

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று, அக்காவோடு வேலை செய்கிற உலைக்காரரைச் சோம்பேறியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனிதர் உலையை விட்டு டீ குடிக்கக்கூடப் போகமாட்டார்.

நடந்தது இதுதான்: உலை ஆறிக்கொண்டிருந்தபோது நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சிலிண்டரின் அழுத்தமானி முள் விழுந்ததைப் பார்த்ததும், காற்று புகாதபடி உலையின் இரண்டு பக்கக் குழாயையும் அடைத்துவிட்டதாகச் சொன்னார். விழுந்து எவ்வளவு நேரம் கழித்துப் பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது.

கரைசல் தீர்ந்துபோனதால் இதுதான் கடைசித் தாள். காலையில் சோதனை. தேறாவிட்டால் அக்காவின் ஆய்வக அறை வேறு குழுவுக்குப் போய்விடும்.

லேசாகத் திறந்து பார்த்துவிடலாமே என்றேன்.

“இந்தச் சூட்டுல திறந்தா, நல்லா இருக்கறதும் எரிஞ்சிடும்டா,” என்றாள் அக்கா.

“தம்பி கடைசிப் பக்கத்த முதல்ல படிக்கிற ஆளு போல,” என்றார் உலைக்காரர். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

4

காத்திருந்த நேரத்தில் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: மூடியைத் திறந்தாள். உலைக்குள் தாள் வைத்திருந்த கண்ணாடிக் குழாயில் ஒன்றுமே இல்லை. மறுமுனையில் ஜன்னல் தெரிந்தது.

இரண்டு: கறுத்த தாள். விரலால் வளைத்தாள், ஒடியாமல் வளைந்தது. காலையில் உப்பு மீட்டரின் எண் இறங்கி, இறங்கி...

முதலாவதுதான் நன்றாக வந்திருந்தது. தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து அக்கா படித்துவிட்டாள்.

“உள்ள ஒண்ணும் இல்லன்னாலும் உனக்கு ஒரு கதை கெடைக்கும். எனக்கு ஒண்ணும் இல்லதான்.”

இரண்டையும் அடித்துவிட்டேன்.

5

உலை ஆறிவிட்டது. அக்கா கையுறை மாட்டிக்கொண்டு மூடியில் கை வைத்திருக்கிறாள். உலைக்காரர் தரையைப் பார்க்கிறார். இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை.

நீங்கள் திறங்கள். எந்த முடிவு எழுத நன்றாக இருக்கும் என்று மட்டும் யோசிக்காதீர்கள். அவள் பக்கத்தில் நின்று திறங்கள்.