மஞ்சள் மண்டிக்கு மேல் ஒரு மாடி

என் தலைக்குள் வளர்ந்த கட்டி, ஈரோட்டில் அப்பா நடத்திய மஞ்சள் மண்டியின் மேல் மாடி கட்டியிருந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஸ்கேன் படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கீழே சாக்குகள், தராசு, வெற்றிலை மெல்லும் அப்பா. மேலே கட்டி.

அப்பா இறந்து வெகுகாலம் ஆகிறது. படத்தில் நன்றாகத்தான் இருந்தார்.

"எடுக்கலைன்னா மாடி கீழ இறங்கிடும். நீங்க இருக்க மாட்டீங்க" என்றார் மூளை அறுவை மருத்துவர் யசோதரா.

"எடுத்தா?"

"மண்டியும் சேர்ந்து வரலாம். எவ்வளவு எடுத்தாப் போதும், எவ்வளவு விட்டா ஆபத்து. எங்க ஆராய்ச்சியே அதுதான்."

"மத்தவங்களுக்கு என்ன இருந்துச்சுங்க?"

"ஒருத்தருக்குக் கல்யாண மண்டபம். ஒரு அம்மாவுக்கு ரயில்வே கேட்."

"எடுத்துட்டீங்களா?"

"ரயில் போகட்டும்னு காத்திருந்தோம்."

சொன்ன விலைக்கு வாங்குவது எங்கள் குடும்பத்தில் கிடையாது. "மாடிய மட்டும் எடுத்துக்கங்க. மண்டி எனக்கு வேணும்" என்றேன்.

"அத உங்க அப்பாகிட்டதான் பேசணும். இடம் அவர் பேர்ல இருக்கு."

என்னைத் தூங்க வைக்கவில்லை. இந்த ஆபரேஷனில் நோயாளி பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நாக்குக் குழறினால் கத்தியை நிறுத்துவார்கள். மரத்துப்போன தலையில் சின்னதாக ஒரு கதவு வைத்தார்கள். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். என் தலைதானே.

நடை நீண்டுகொண்டே போனது. மஞ்சள் வாசனை வந்த பக்கம் திரும்பினோம்.

அப்பா ஒரு விரலி மஞ்சளை டக்கென்று உடைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் கொழந்தவேலு, தலைய ஏண்டா இப்படிச் செரச்சு வெச்சிருக்கற?"

"ஆபரேஷனுங்கப்பா."

"சாப்புட்டியா?"

"வெறும் வயித்துலதான் வரச் சொன்னாங்க."

"கேனப்பயலே. எவனாச்சும் பசியோட பேரம் பேச வருவானாடா?"

என்னை இப்படித் திட்ட இப்போது ஊரில் ஆளில்லை. இதற்காக இன்னொரு கட்டிகூட வளர்ப்பேன்.

"நீங்க உக்காருங்க அம்மிணி" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, அப்பா தோளில் கிடந்த துண்டை விரித்தார்.

அப்பா காலத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கைவிட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் தயங்காமல் கைவிட்டார். ஆராய்ச்சிக்காரர், பழகியிருந்தார்.

அப்பா முதல் பேச்சிலேயே யாருக்கும் இறங்கியவரில்லை. பொழுது சாயும்வரை இழுப்பார். டீ வாங்கிக் கொடுத்து இழுப்பார்.

துண்டு ஒரே ஒரு முறை அசைந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். அப்பா பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுதுங்களா? என்னங்கப்பா குடுத்தீங்க?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதில்ல."

"எனக்குமா?"

"போடா. போய் எதாச்சும் சாப்புடு."

மேலே இடிக்கத் தொடங்கினார்கள். தூசி மஞ்சளாக இருந்தது.

புதுப் படத்தில் கட்டி இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியைத் தேடினேன்.

"அப்படியே இருக்கு. போய்ப் பாத்துக்கங்க" என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தையல் போட்டபோது எனக்கு மட்டும் வழி விட்டிருந்தார்கள். போனேன். சாக்குகள் இருந்தன. தராசு இருந்தது. வாசனை இருந்தது. ஒன்றும் குறையவில்லை. வாங்கிய இடத்தில் ஏமாறவில்லை என்ற திருப்தியோடு அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க, வாங்க. எந்த ஊருங்க?"

"இதே ஊருதானுங்க."

"பாத்ததே இல்லீங்களே. விரலி வேணுங்களா, குண்டு மஞ்சள் வேணுங்களா?"

விலை கேட்டேன். சொன்னார். நியாயமான விலைதான். வாங்க வந்தவன் யாரும் கேட்கக் கூசும் அளவுக்கு நான் குறைத்துக் கேட்டேன்.

அப்பா சிரித்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க. பேசலாம்."