ஸைத் நானாவுக்கு ஒரு பறப்பு

ஸைத் நானா வானத்திலிருந்து விழுந்து சாகவில்லை. ஊருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். பதினெட்டு வருடமாக முக்கோணச் சிறகின் அடியில் தொங்கிக்கொண்டு மலை மலையாகப் பறந்த மனிதர், அலவத்துகொடயில் தன் அலுமினியக் கடையில் யாருக்கோ ஜன்னல் சட்டம் அளந்துகொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மையத்து வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர், "எந்த மலையில விழுந்தாரு?" என்றுதான் கேட்டார்கள். கடையில் என்றதும் அவர்கள் முகம் சப்பென்று போயிற்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, கலஹாவுக்கு மேலே தேயிலை முடிகிற பாறையில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். கண்டியைச் சுற்றி இந்தச் சிறகுகளில் பறக்கிறவர்கள் மொத்தமே ஒரு வேன் கொள்ளுமளவுதான். அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஸைத் நானாவின் மனைவி நுஸ்ஹாவையும் அழைத்து வந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்தார்கள். அவள் அந்தப் பாறைக்கு வருவது அதுதான் முதல் தடவை.

சுகிர்தா ஓர் ஓரமாக நின்று பேச்சுகளைக் கேட்டாள். கலஹாத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது கண்டியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. அவளைப் பறக்கப் பழக்கியவர் ஸைத் நானாதான். பேச்சுகளில் வந்த ஸைத் நானாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பொறுமையின் சிகரமாம். சிரித்த முகமாம். கம்பளையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் மஹ்மூத் நானா, "அவர் ஒருத்தரையும் கடிஞ்சு ஒரு வார்த்த பேசினதில்ல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். சுகிர்தாவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. "இவன் மௌத்தாப் போனாத்தான் நாம நிம்மதியாப் பறக்கலாம்" என்று ஸைத் நானாவின் சாவை வேண்டி இதே பாறையில் கத்தியவர் சாட்சாத் இதே மஹ்மூத் நானாதான்.

கத்தியதற்குக் காரணம் கொக்கி. பறக்கிறவர் உடம்பில் ஒரு பட்டியை மாட்டிக்கொள்வார். அந்தப் பட்டியைச் சிறகின் நடுத்தண்டோடு சேர்ப்பது ஒரே ஒரு கொக்கி. அதை மாட்ட மறந்தாலும் சிறகைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஒன்றும் தெரியாது. பாறை முடிந்த பிறகுதான் தெரியும். புதியவர்கள் மறக்க மாட்டார்கள், பயம் விடாது. மறப்பவர்கள் எல்லாம் கைதேர்ந்தவர்கள்தான். ஆகவே ஸைத் நானா, "மாட்டிட்டேன்" என்ற சொல்லை யார் வாயிலிருந்து வந்தாலும் நம்ப மாட்டார். ஓடுவதற்கு முன்னால் சிறகுக்கு அடியில் படுக்க வேண்டும். பட்டி இறுகி ஆள் தொங்க வேண்டும். மழையா, சேறா, வெளிநாட்டு விருந்தாளியா, அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. பறக்கிறவர் படுக்க மாட்டேன் என்றால், சிறகின் முன்முனையில் இருக்கும் மூக்குக் கம்பியைப் பிடித்த பிடியை விடாமல் நின்றுகொண்டிருப்பார். அவரை ஏசாத ஆளே அந்தக் கூட்டத்தில் கிடையாது.

பேச்சு முடிந்தது, துஆவும் ஓதியாயிற்று. ஸைத் நானாவின் மஞ்சள் சிறகில் மஹ்மூத் நானா ஒரு பறப்புப் பறப்பதென்று ஏற்பாடு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டையோடு வந்திருந்தார். இரவு பெய்த மழையில் பாறை மேலெல்லாம் சேறு. பட்டியைக் கட்டிக் கொக்கியையும் மாட்டிவிட்ட நேரத்தில், வீடியோ எடுக்கும் தினேஸ் எல்லோரையும் படத்துக்குக் கூப்பிட்டான். மஹ்மூத் நானா கொக்கியைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார், நுஸ்ஹாவிடம் இரண்டு வார்த்தை பேசினார், மறுபடி அழுதார், திரும்பி வந்து சிறகைத் தூக்கினார். காற்று நேர் முன்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. இதைவிட நல்ல காற்று அந்தப் பாறையில் லேசில் கிடைக்காது.

மூக்குக் கம்பியைப் பிடித்திருந்தவள் சுகிர்தா. அங்கிருந்து பார்த்தால் கொக்கி தெரியாது. அவர் திரும்ப மாட்டினாரா என்பதை அவள் பார்க்கவில்லை.

"நானா, படுங்க" என்றாள்.

"என்ன?"

"கொக்கி பார்க்கணும். ஒரு தடவை படுங்க."

"மாட்டியாச்சு புள்ள. காத்து நல்லா ஈக்கி. உடு."

"படுங்க நானா."

"அக்கா, லைவ் போய்க்கிட்டிருக்கு" என்று தினேஸ் பல்லைக் கடித்தான்.

சுகிர்தாவுக்கென்று சொந்தச் சிறகு கிடையாது. அவள் பறக்கும் பழைய சிறகு மஹ்மூத் நானாவின் ஷெட்டில் இருக்கிறது. அதைப் பாறைக்கு ஏற்றி வருவதும் அவருடைய வேன்தான். அவர் முகம் சுளித்தால் அவள் பறப்பு அன்றோடு சரி. இத்தனை பேர் முன்னால், மௌத்தான மனிதரின் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, ஐம்பது வயதுக்காரரைச் சேற்றில் படு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கையை எடுத்தால் போதும். எடுக்க வரவில்லை.

"விட மாட்டேன் நானா. படுங்க."

அவர் அவளை முறைத்தார். பிறகு முழங்காலைச் சேற்றில் போட்டார், முழங்கையை ஊன்றினார், படுத்தார். நெஞ்சு தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே பட்டி இறுகி நின்றது. கொக்கி மிகச் சரியாக மாட்டியிருந்தது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் எழுந்து சிறகை மறுபடி தோளில் வாங்குவதற்குள் காற்றின் திசை பார்க்கப் பாறை விளிம்பில் கட்டியிருந்த துணி தொய்ந்தது, பின் மெல்ல எதிர்ப்பக்கம் திரும்பியது. பின்காற்று. கீழே கம்பளைப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து தேயிலையை மறைத்தது. இனி அன்றைக்குப் பறப்பு இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மஹ்மூத் நானா வெடித்தார். "சந்தோசமா? பாத்துட்டியா? அவனுக்காக ஒரே ஒரு தரம் பறக்க வந்தன், அதையும் நாசமாக்கிட்ட! மனுசன நம்பத் தெரியாதா உனக்கு? இனி என்ட ஷெட் பக்கம் வந்துராத!"

பின்காற்றில் பிடியை விட்டால் சிறகு ஆளையும் சேர்த்துக் குப்புறத் தள்ளிவிடும், அதனால் சுகிர்தாவால் நகர முடியவில்லை. கொக்கியில் கட்டுண்டு கிடந்த அவராலும் கோபித்துக்கொண்டு போக முடியவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். அவளுக்கு அழுகை வந்தது. தான் செய்தது சரியா பிழையா என்றே தெரியவில்லை.

நுஸ்ஹா கதிரையை விட்டு எழுந்து சேற்றில் நடந்து வந்தாள். சமாதானம் சொல்ல வருகிறாள் என்று எல்லோரும் வழி விட்டார்கள்.

"அஞ்சு மாசமா ஆக்கள் வந்து அவர்ட நல்லதுகளச் செல்லிட்டுப் போறாங்க" என்றாள். "இன்னைக்கும் எல்லாத்தையும் கேட்டுட்டு ஈந்தன். யாரச் செல்றாங்கண்டே எனக்கு விளங்கல்ல. இப்ப மஹ்மூத் நானா ஏசினீங்களே, அவருக்கு ஏசுற அதே ஏச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர் ஊட்டுக்கு வந்து அதச் செல்லிச் செல்லிச் சிரிப்பார். இப்ப அதக் கேட்டோடனதான் அவர் இனி இல்லண்டு எனக்குத் தெரிஞ்சது."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மஹ்மூத் நானா சிறகின் அடியிலேயே முழங்காலில் உட்கார்ந்து, காலையிலிருந்து அழாத ஓர் அழுகையை அழுதார். முகத்தைத் துடைத்த இடமெல்லாம் சேறாயிற்று. தினேஸ் போனைக் கீழே இறக்கினான்.

காற்று ஒருவாறு அடங்கியது. சுகிர்தா கம்பியைத் தினேஸிடம் கொடுத்துவிட்டு, குனிந்து சிறகின் அடிக்குப் போனாள்.

"கொக்கியக் கழட்டட்டுமா நானா?"

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கொஞ்ச நேரம் ஈக்கட்டும் புள்ள."