மேட்டடி லைன் வீடுகள்

வெளிச்சம் சரியாக விழுவதற்குள் வேல்விழி மண்வெட்டியோடு பின்சுவருக்கு வந்துவிடுவாள். சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் திரும்பக்கூட இடமில்லை. இரவில் இறங்கிய செம்மண் அங்கே முழங்காலளவு நிறைந்திருக்கும். ஈரமண் வெட்டியில் ஒட்டிக்கொண்டு விடாது. சரளைக்கல் நகக்கண்ணைக் கிழிக்கும். அவள் வெட்டிப் போட, பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி சட்டியில் சுமந்துபோய் முன்பக்கம் கொட்டுவாள். அதற்குப் பிறகுதான் குளியல், சமையல், பனியன் கம்பெனியில் முதுகொடியும் தையல்.

ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளும் கம்பெனியும் சிவசுப்பிரமணியத்துக்குச் சொந்தம். புதுக் கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டிய மண்ணையும் பாறைத்துண்டுகளையும் வீடுகளுக்குப் பின்னாலிருந்த சரிவின்மேல் லாரி லாரியாகக் கொட்டச் சொன்னவர் அவர்தான். கொட்டிய மண்ணைப் பிடித்துவைக்க ஒரு புல்வேர்கூட இல்லை. அது மழையைக் குடித்தது, கனத்தது, இறங்கத் தொடங்கியது. வெயில் காய்ந்த நாளிலும் நிற்கவில்லை. அடியில் நட்டிருந்த வேலிக்கற்கள் வீடுகளை நோக்கிச் சாய்ந்தன. சுவர் வயிறு தள்ளியது.

அள்ளாவிட்டால் சுவர் விழும். அள்ளினால் அந்த இடத்துக்கு மேலிருந்து மண் வரும். காலிசெய்து போகவும் வழியில்லை. வீட்டை விட்டால் வேலையில்லை என்பது முதல் நாளே சொல்லப்பட்ட ஏற்பாடு.

அன்று வேல்விழி கடைசிச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். பின்னால் லாரி சரக்குக் கொட்டுவது போல ஒரு சத்தம். திரும்பினாள். கூரை ஒருபக்கமாகக் குனிந்திருந்தது. கம்பெனியில் இரவெல்லாம் துணி தேய்த்துவிட்டு வந்த கணவன் பெரியகருப்பன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

கதவைத் தள்ளினாள். உள்ளிருந்து மண் அதைத் திருப்பித் தள்ளியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினாள்.

"ஏங்க! இருக்கீகளா?"

"இருக்கேன் புள்ள... காலு எங்க கெடக்குன்னே தெரியல."

"பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீக."

வரிசை முழுக்க ஓடிவந்தது. ஜன்னலைப் பெயர்த்து உள்ளே இறங்கியவர்கள் கைகளால் தோண்டினார்கள். ஒரு பிடி எடுத்தால் உடைந்த சுவர் வழியே இரண்டு பிடி வந்தது. கடைசி வீட்டில் தங்கியிருந்த ஒடிசாப் பெண்கள் தங்கள் கட்டில் பலகைகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். பலகையைக் குறுக்கே நிறுத்தி, முதுகைக் கொடுத்து மண்ணைத் தடுத்தார்கள். அந்த முதுகுகளுக்கு இப்பால்தான் பெரியகருப்பனை இழுத்தெடுக்க முடிந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது.

ஆம்புலன்ஸ் வெளிக்கேட்டில் நின்றது. கேட்டில் பூட்டு.

"சாவி மேனேஜர் ஊட்டுல இருக்குதுங்க்கா," என்றார் வாட்ச்மேன் கதிர்வேல். பிறகு அவரே கடப்பாரையை எடுத்துப் பூட்டில் இறக்கினார்.

மதியம் ஆஸ்பத்திரியில், தகவல் கேட்டு வந்த தம்பியைக் காவல் வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க டவுன் பஸ்ஸில் நின்றபடியே திரும்பினாள் வேல்விழி. கம்பெனி வாசலில் எல்லாரும் நின்றார்கள். யாரும் உள்ளே போகவில்லை. சிவசுப்பிரமணியம் காரைவிட்டு இறங்கி நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. உம்பட ஊட்டுக்காரருக்கு நல்ல வைத்தியம் பாத்துக்கலாம். உனக்குப் பக்கத்து ரூம ஒதுக்கச் சொல்லிப்போட்டேன்."

"அதுக்குப் பின்னாலயும் அதே மேடுதான மொதலாளி?"

"மழை பேஞ்சா மண்ணு எறங்கத்தான் செய்யும். அதுக்கு நான் என்னுங்க பண்றது?"

"மண்ணு தானா ஏறி அங்கன போயி உக்காரலையே. நீங்க ஏத்துனது."

அவர் முகம் மாறவில்லை. குரலும் உயரவில்லை. "சரக்குப் போனதும் மண்ண அள்ளப் பொக்லைன் வருமுங்க. இப்ப மிஷின்ல ஒக்காருங்க. முடியலீன்னா ஊட்டக் காலி பண்ணிக்கோங்க. அவ்வளவுதானுங்க."

முத்துப்பேச்சியின் கண் தரையில் இருந்தது. ஊரில் அவள் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கடன் கொடுத்தவனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவள். வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. பகல் முடிந்தால் எல்லாரும் அந்தச் சுவர்களுக்குள்தான் படுக்க வேண்டும்.

அழுதுவிடுவோமோ என்று வேல்விழி பயந்தாள். வேகமாக லைனுக்கு நடந்தாள். பாதி புதைந்த வீட்டிலிருந்து ஒரு பாயையும் சோற்றுப்பானையையும் இழுத்தெடுத்தாள். மண் ஒழுக அவற்றைச் சுமந்துகொண்டு வந்து, முதலாளியைத் தாண்டி, பேக்கிங் ஹாலுக்குள் போனாள்.

"ஏனுங்க, இதென்ன வேலை?" சிவசுப்பிரமணியம் பின்னாலேயே வந்தார்.

"காலி பண்ணச் சொன்னீகள்ல? பண்ணிட்டேன். மேட்ட எடுக்குற வரைக்கும் இங்கன இருப்போம். எடுத்த பெறவு மிஷின்ல உக்காருவோம்."

"போலீஸக் கூப்பிட வேண்டி வருமுங்க."

"கூப்பிடுங்க. அவுகளும் வந்து அந்தச் சுவரப் பாக்கட்டும்."

முத்துப்பேச்சி நிமிர்ந்தாள். "நில்லுட்டி, நானும் வாரேன்." அவள் அடுப்பைத் தூக்கிவந்தாள். ஒடிசாப் பெண்கள் மண் ஒட்டிய பலகைகளோடு வந்தார்கள். பெட்டிகள், குடங்கள், துணிமூட்டைகள், தூங்கும் குழந்தை ஒன்று; வரிசை முழுவதும் மேட்டடியைவிட்டு எழுந்து வந்தது. முதலாளி தடுக்கச் சொன்னபோதும் கதிர்வேல் வழிமறிக்க வரவில்லை, வெளிக்கேட்டிலேயே நின்றுகொண்டார்.

மேனேஜர் மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்குகள் அணைந்தன, மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. மழை தகரக்கூரையில் இறங்கியது. போலீஸ் வருமா, பொக்லைன் வருமா, நாளை வேலை இருக்குமா, யாருக்கும் தெரியாது. பின்பக்கம் எங்கோ மண் பொத்தென்று விழும் ஓசை கேட்டது. ஹாலில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேட்டடியில் ஒருவரும் மீதியில்லை.

பலகைமேல் உட்கார்ந்திருந்த ஒடிசாப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

"அக்கா, இங்க உக்காரு."

வேல்விழி உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.